புரூஸ் லீயின் வாழ்வும் அவருக்கு எழுந்த சிலையும்

மாண்டார்க்குக் கல் நாட்டுதல் தமிழகத்தின் தொன்மையான வழக்கம். ஆநிரை மீட்கச் சென்று உயிர் கொடுத்தவனுக்கும், போர்முனையிற் புறங்கொடாது வீழ்ந்தவனுக்கும் நம் முன்னோர் நடுகல் எடுத்து, அதில் அவன் பெயரும் பீடும் பொறித்துப் போற்றினர். அவ்வழக்கத்தின் வழிவந்தனபோலவே இன்று நம் நகரங்களின் நாற்சந்திகளிலும் சிற்றூர்களின் முகப்பிலும் பெரியோர் சிலைகள் நிற்கின்றன. ஆயினும், அவற்றுட் பல இரும்புக் கம்பிக் கூண்டுகளுள் அடைபட்டு நிற்பதைக் காணும்போது நெஞ்சம் கூசுகின்றது. ஒரு சாரார் பகலில் மாலை சூட்டுகின்றனர்; மற்றொரு சாரார் இரவில் வந்து சிதைத்துவிடுவரோ என்னும் அச்சத்தாற் கூண்டு எழுகின்றது. 1997-ஆம் ஆண்டில் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றிற்கு வீரர் ஒருவர் பெயரைச் சூட்டியதன் தொடர்பாகத் தென்மாவட்டங்களிற் சாதிப் பூசல் மூண்டது; உயிர்ச்சேதமும் நேர்ந்தது. முடிவில், மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இட்டிருந்த தலைவர் பெயர்கள் யாவற்றையும் அரசு ஒருங்கே நீக்கிவிட்டது.

எவருக்குச் சிலை எடுத்தால் ஊரார் அனைவரும் ஒருமனப்பட்டு ஏற்பர் என்பது, ஆகவே, நமக்கு அயலான வினா அன்று. இவ்வினாவையே ஐரோப்பாவிலுள்ள மோஸ்டார் என்னும் சிறு நகரத்தார் இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் கேட்டனர். அவர்கள் கண்ட விடை எவரும் எதிர்பாராதது. தம் நாட்டவரும் அல்லர், தம் சமயத்தவரும் அல்லர், தம் ஊரை ஒருநாளும் கண்டவரும் அல்லர் ஆகிய ஒருவரை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். அவரே கைப்போர்க் கலையில் உலகப் புகழ் எய்திய சீனராகிய புரூஸ் லீ. அத்தேர்வின் பொருத்தத்தை அறிய வேண்டுமாயின், முதலில் அவர் வாழ்வை அறிதல் வேண்டும்.

இதனை நம் கல்லூரி மலரில் எழுதுதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீளும் வடசென்னை, துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த உழைப்பாளர் பகுதி. ஆங்கிலேயர் ஆட்சிக் காலந்தொட்டே குத்துச்சண்டை அங்கு வேரூன்றியது. சார்பட்டா, இடியாப்பம் என்னும் பரம்பரைகளின் பெயரை, 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ என்னும் திரைப்படம் அறியாதாரையும் அறியச் செய்தது. அப்பகுதியிலிருந்து கல்வி கற்க வரும் இளைஞர்க்கு உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரிற் காணும் புரூஸ் லீயின் முகம் பழகிய முகம். அவர் வரலாறோ பழகாதது.

பிறப்பும் இளமையும்

புரூஸ் லீ 1940-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனர் மருத்துவமனையிற் பிறந்தார். தந்தையார் லீ ஹோய் சுவென், காண்டன் நாட்டு இசைநாடகங்களிற் புகழ்பெற்ற நடிகர்; நாடகக் குழுவுடன் அமெரிக்காவிற் சுற்றி வந்த காலத்தில் அவருக்கு இம்மகவு பிறந்தது. தாயார் கிரேஸ் ஹோ, சீனக் குருதியோடு ஐரோப்பியக் குருதியும் கலந்த குடியினர். ஐந்து மக்களுள் நான்காமவராகிய இக்குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயர் லீ ஜுன் ஃபான். புரூஸ் என்பது மருத்துவமனையில் வழங்கிய ஆங்கிலப் பெயர். சீனர் கணக்கில் அது நாகத்தின் ஆண்டு. பிறந்த வேளையும் நாகத்தின் வேளை. இதனாலேயே பின்னாளில் திரையுலகில் ‘சிறு நாகம்’ என்று பொருள்படும் லீ சியு லுங் என்னும் பெயர் அவருக்கு அமைந்தது.

1941-ஆம் ஆண்டிற் குடும்பம் ஹாங்காங் திரும்பியது. அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானியப் படை அந்நகரைக் கைப்பற்றி, 1945 வரை ஆண்டது. குழவிப் பருவம் முழுவதையும் அயலார் படையின் ஆட்சியிற் கழித்த அவர், போர் முடிந்தபின் சிறுவர் வேடந்தாங்கித் திரைப்படங்களில் நடிக்கலானார். பதினெட்டு வயது நிரம்புமுன் ஏறக்குறைய 20 படங்களில் தோன்றினார்.

இளமையில் அவர் நல்ல மாணவர் என்று பெயரெடுத்தவர் அல்லர். லசால் துறவியர் நடத்திய பள்ளியிற் சேர்ந்தார். படிப்பிற் கருத்தின்றிச் சண்டையிற் கருத்தூன்றியமையால் அப்பள்ளியை விட்டு நீங்க நேர்ந்தது. பின்னர்த் தூய பிரான்சிஸ் சவேரியார் பள்ளியிற் சேர்ந்தார். அங்கு உடற்பயிற்சிக்குப் பொறுப்பாயிருந்த எட்வர்டு என்னும் துறவி, இம்மாணவனின் முரட்டுத்தனத்தைக் கண்டு வெகுண்டு ஒதுக்காமல், கையுறை அணிவித்துக் குத்துச்சண்டைக் களத்தில் இறக்கினார். 1958-ஆம் ஆண்டு பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியில் புரூஸ் லீ வெற்றி பெற்றார். தெருவில் வீணே சிதறிய ஆற்றலை விதிகளுக்குட்பட்ட களத்திற்குத் திருப்பிய அத்துறவியின் பணியை, சமயத் தொண்டர் நிறுவிய கல்லூரியிற் பயிலும் நாம் சிறப்பாக எண்ணுதல் தகும். அதே ஆண்டில் அவர் சாச்சா என்னும் நடனப் போட்டியிலும் முதற்பரிசு பெற்றார் என்பது பலர் அறியாத செய்தி. காலடிகளை அளந்து வைக்கும் அப்பழக்கம் பின்னாளிற் களத்திலும் அவருக்குத் துணை நின்றது.

முதல் வேலி

குத்துச்சண்டைக் களம் புகுமுன்பே, பதின்மூன்று வயதளவில், அவர் இப் மான் என்னும் ஆசிரியரிடம் விங் சுன் என்னும் சீனக் கைப்போர் முறையைக் கற்கத் தொடங்கியிருந்தார். பெண்ணொருத்தியின் பெயரால் வழங்குவதாகச் சீனர் கூறும் அம்முறை, நெருங்கி நின்று, குறுகிய தொலைவில், நேர்க்கோட்டிற் கையைச் செலுத்தும் நுட்பம் உடையது. உடல் வலியைக் காட்டிலும் எதிரியின் கை அசைவைத் தொட்டுணரும் கூர்மையே அதிற் பெரிதாகப் போற்றப்படும்.

அக்காலத்திற் சீன ஆசிரியர் பலர் தம் கலையைச் சீனர் அல்லாதார்க்குக் கற்பியார். புரூஸ் லீயின் தாய்வழியில் ஐரோப்பியக் கலப்பு உண்டென்பது உடன்பயின்றோர்க்குத் தெரியவந்தபோது, அவருடன் பயிற்சி செய்ய அவர்கள் மறுத்தனர். ஆசிரியரின் பொது வகுப்பிலிருந்து விலகி, வோங் சுன் லியுங் முதலிய மூத்த மாணவர் சிலரிடம் தனியே பயின்று அவர் தம் கல்வியைத் தொடர்ந்தார். திறமையைக் கேளாமற் குலத்தைக் கேட்டுத் தள்ளும் கொடுமை அவருக்கு இளமையிலேயே நேர்ந்தது. இத்தகைய கொடுமை நேர்ந்தவர் இருவகைப்படுவர். தமக்கு இடங்கிடைத்தபின் பிறரைத் தள்ளுவோர் ஒரு வகையினர். தமக்கு நேர்ந்தது பிறர்க்கு நேராவண்ணம் காப்போர் மற்றொரு வகையினர். புரூஸ் லீ எவ்வகையினர் என்பதை அவர் அமெரிக்க வாழ்வு காட்டும்.

அமெரிக்க வாழ்வு

தெருச்சண்டைகள் பெருகிக் காவலர் வரை செய்தி எட்டவே, மகனை அயல்நாட்டிற்கு அனுப்புதலே நன்றெனப் பெற்றோர் கருதினர். 1959-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதினராய், கையில் ஏறக்குறைய 100 டாலருடன் அவர் கப்பலேறினார். சியாட்டில் நகரிற் சீனர் உணவகம் ஒன்றிற் பரிமாறும் வேலை செய்துகொண்டு, தொழிற்பள்ளியிற் படித்து உயர்நிலைக் கல்வியை முடித்தார். 1961-ஆம் ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து நாடகக் கலையும் தத்துவமும் கற்றார். ஹாங்காங்கிற் புத்தகத்தை வெறுத்த மாணவர், இங்கே நூல்களைத் தேடித்தேடிப் படிப்பவரானார். பட்டம் பெறுமுன் பல்கலைக்கழகத்தை விட்டாரேனும், படிக்கும் பழக்கத்தை இறுதிவரை விட்டிலர். ஆயிரக்கணக்கான நூல்களைத் திரட்டி, ஓரங்களிற் குறிப்பெழுதி வைத்தார்.

சியாட்டிலில் அவர் சீனக் கைப்போர் கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் முதலில் வந்து சேர்ந்த மாணவர் ஜெசி குளோவர் என்னும் கறுப்பினத்தவர். அவருக்கு நெடுநாள் துணையாசிரியராக விளங்கிய டாக்கி கிமுரா, ஜப்பானிய வழியில் வந்த அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசினராற் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டு, அத்துயரால் ஊக்கம் குன்றியிருந்தவர். குழவிப் பருவத்தில் ஜப்பானியப் படையாட்சியின்கீழ் இருந்த ஒருவர், ஜப்பானிய வழியினர் ஒருவரைத் தம் நெருங்கிய நண்பராகக் கொண்டார். பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்திற் பொறுப்பேற்ற டான் இனோசாந்தோ பிலிப்பைன் வழியினர். 1964-ஆம் ஆண்டில் லிண்டா எமரி என்னும் அமெரிக்க வெள்ளை மங்கையை அவர் மணந்தார். கறுப்பர், வெள்ளையர், ஜப்பானியர், பிலிப்பைனியர், சீனர் எனும் பாகுபாடின்றி அவர் பயிற்சிக்கூடத்தின் கதவு திறந்திருந்தது. அமெரிக்காவின் மாநிலங்கள் சிலவற்றில் வெள்ளையரும் பிற இனத்தாரும் மணந்துகொள்வதைச் சட்டமே தடுத்திருந்த காலம் அது. அத்தடை 1967-ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றத் தீர்ப்பால் நீங்கியது.

1964-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓக்லண்டு நகரில் வோங் ஜாக் மான் என்னும் சீன வீரருக்கும் இவருக்கும் மூடிய கதவுக்குள் ஒரு போர் நிகழ்ந்தது. சீனர் அல்லாதார்க்குக் கற்பிப்பதை நிறுத்துமாறு விடுத்த அறைகூவலே அப்போர் என்று லிண்டா அம்மையார் பிற்காலத்தில் எழுதினார். எதிர்த்தரப்பினர் வேறு காரணமும் வேறு முடிவும் கூறுவர். போரின் விளைவு பற்றி ஐயமில்லை. தாம் எண்ணியதினும் நெடுநேரம் அது நீண்டதையும், தமக்கு மூச்சு வாங்கியதையும் கண்ட புரூஸ் லீ தம் முறையையே ஐயுற்றார். வெற்றி பெற்றோம் என்று மகிழ்ந்திராமல், கற்ற வித்தையின் குறை எங்கே என்று தேடினார். ஓட்டம், கயிறு தாண்டல், எடை தூக்குதல் முதலியவற்றால் உடலைப் புதிதாக ஆக்கினார். மேல்நாட்டுக் குத்துச்சண்டையின் காலசைவையும், வாட்போரில் எதிரி அடியெடுக்கும் கணத்திலேயே தாக்கும் நுட்பத்தையும் ஆராய்ந்தார். முகம்மது அலியின் போட்டிப் படங்களை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்துப் பயின்றார். அந்த அலியே 1980-ஆம் ஆண்டிற் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கிற் காட்சிப்போட்டி ஆடியதை நம் பழைய மாணவர் சிலர் நினைவுகூர்வர்.

இவ்வாராய்ச்சியின் பயனாக 1967-ஆம் ஆண்டளவில் ஜீத் குன் டோ என்னும் பெயரைத் தம் முறைக்கு வைத்தார். வரும் அடியை இடைமறிக்கும் கைவழி என்பது அதன் பொருள். பயனுள்ளதை எங்கிருந்தாயினும் கொள்க, பயனற்றதைத் தள்ளுக, தனக்குரியதைத் தானே சேர்க்க என்பதே அவர் கொள்கையின் சாரம். குறித்த வடிவம் ஒன்றிற் கட்டுண்டு நில்லாமல், பாத்திரத்திற்கேற்ப வடிவங்கொள்ளும் நீரைப்போல் வீரன் இயங்கவேண்டும் என்று அவர் மாணவர்க்கு உணர்த்தினார். பரம்பரைப் பெருமை பேசும் கலைகளின் நடுவே இது துணிவான சொல். எங்கள் குருவே குரு, எங்கள் அடியே அடி என்று மார்தட்டும் வழக்கம் சீனத்தில் மட்டும் உள்ளதன்று. வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளும் நம் சிலம்பக் கூடங்களும் அதனை நன்கறியும்.

நோயும் நூலும்

தொலைக்காட்சியில் 1966, 1967 ஆண்டுகளில் ‘கிரீன் ஹார்னெட்’ என்னும் தொடரிற் பணியாள் வேடந்தாங்கி நடித்தமையால் அவர் பெயர் ஓரளவு பரவியது. ஆனால், சீனர் ஒருவரைத் தலைமை வேடத்தில் வைத்துப் படமெடுக்க அமெரிக்கப் பட முதலாளிகள் முன்வந்திலர். இந்நிலையில் 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், போதிய ஆயத்தமின்றி எடை தூக்கியபோது முதுகின் கீழ்ப்பகுதி நரம்பு பழுதுற்றது. இனி உதைத்தல் இயலாது என்று மருத்துவர் கூறினர். மாதக்கணக்காகப் படுக்கையிற் கிடந்தார். மனைவியார் வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கினார்.

படுக்கையிற் கிடந்த நாட்களிற் படித்தும் எழுதியும் அவர் நிரப்பிய குறிப்பேடுகளே, அவர் மறைவுக்குப்பின் 1975-ஆம் ஆண்டிற் ‘டாவோ ஆஃப் ஜீத் குன் டோ’ என்னும் நூலாக வெளிவந்தன. அக்காலத்தில் அவர் ஆழ்ந்து படித்தவருள் ஜே. கிருஷ்ணமூர்த்தி ஒருவர். மதனப்பள்ளியிற் பிறந்து, சிறுவராக நம் அடையாற்றங்கரையில் வளர்ந்த அவ்வறிஞர், தம்மைத் தலைவராகக் கொண்டு நிறுவிய பேரமைப்பை 1929-ஆம் ஆண்டிற் தாமே கலைத்தவர். உண்மையை அடைதற்கு அமைப்பு வழியாகாது என்பது அவர் துணிபு. புரூஸ் லீயும் 1970-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தம் பெயரால் நடந்த பயிற்சிக்கூடங்களை மூடிவிட்டிருந்தார். தம் முறையும் மற்றொரு பரம்பரையாய் இறுகிவிடும் என்று அவர் அஞ்சினார். அடையாற்றில் வளர்ந்தவர் எழுத்து, கடல் கடந்து ஒரு போர்வீரரின் நோய்ப்படுக்கையருகே இருந்ததை நினைக்குங்கால் நமக்கு வியப்பும் மகிழ்வும் உண்டாகின்றன.

உடல் தேறி, மருத்துவர் சொல்லைப் பொய்ப்பித்து மீண்டும் பயிற்சியிற் புகுந்தார். முதுகுவலி மட்டும் இறுதிவரை நீங்கிற்றில்லை. 1971-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், திட்டமிட்ட படம் ஒன்றிற்கு இடம் பார்க்கும்பொருட்டு நடிகர் ஜேம்ஸ் கோபர்ன், எழுத்தாளர் ஸ்டெர்லிங் சிலிஃபாண்டு ஆகியோருடன் அவர் நம் நாட்டிற்கே வந்து சென்றார். அத்திட்டம் நிறைவேறவில்லை.

திரைப்புகழும் மறைவும்

அமெரிக்காவில் மூடியிருந்த கதவு ஹாங்காங்கில் திறந்தது. 1971-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி பிக் பாஸ்’ என்னும் படத்தில் அவர் ஏற்றது கூலித்தொழிலாளி வேடம். பிழைப்புத் தேடித் தாய்லாந்து சென்று பனிக்கட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞன், அக்கட்டிகளுக்குள் மறைத்துப் போதைப்பொருள் கடத்தும் முதலாளியை எதிர்ப்பதே கதை. காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்திற் பனிக்கட்டி சுமந்தும் உடைத்தும் பிழைக்கும் எளியோரைக் கண்ட நமக்கு, அக்கதை எவ்வாறு நாடெங்கும் உழைப்பாளர் உள்ளத்தைத் தொட்டது என்பதை விளக்கவேண்டியதில்லை. 1972-ஆம் ஆண்டில் ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’யும், அவரே எழுதி இயக்கிய ‘வே ஆஃப் தி டிராகன்’ என்னும் படமும் வெளிவந்தன. இவற்றுள் முன்னது ஜப்பானியர் மீது சீனர் கொண்டிருந்த பழஞ்சினத்தை மூட்டிக் கைதட்டல் பெற்ற படம். பயிற்சிக்கூடத்திற் பகை பாராட்டாதவர் திரையில் ஒரு சார்பினராய்த் தோன்றினார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. மனிதரிற் பெரியோரும் தம் காலத்தின் உணர்ச்சிகளுக்கு முற்றும் தப்பினவர் அல்லர்.

பின்னர் அமெரிக்க நிறுவனமான வார்னர் பிரதர்ஸே ‘என்டர் தி டிராகன்’ படத்தில் தலைமை வேடம் தந்து அவரை அழைத்தது. அப்படம் வெளிவருமுன், 1973-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள், ஒலிப்பதிவு நிகழும்போது அவர் மயங்கி வீழ்ந்தார். மூளை வீங்கியிருந்ததை மருத்துவர் கண்டு காப்பாற்றினர். ஜூலைத் திங்கள் 20-ஆம் நாள், தலைவலிக்கு மாத்திரை உண்டு படுத்தவர் எழுந்திலர். மீண்டும் மூளை வீக்கமே காரணம். விபத்தாய் நேர்ந்த சாவு என்பது நீதி விசாரணையின் முடிவு. அப்போது அவர் வயது 32. ஒரு மாதத்திற்குப்பின் வெளிவந்த ‘என்டர் தி டிராகன்’ உலகமெங்கும் ஓடியது. நம் நாட்டிலும் தலைமுறை தலைமுறையாக இளைஞரை ஈர்த்தது.

சியாட்டில் நகரில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். சவப்பேழையைத் தாங்கினோருள் தம்பி ராபர்ட் லீ, டாக்கி கிமுரா, டான் இனோசாந்தோ, வெள்ளை நடிகர்களாகிய ஸ்டீவ் மக்குவீன், ஜேம்ஸ் கோபர்ன் ஆகியோர் இருந்தனர். சீனர், ஜப்பானிய வழியினர், பிலிப்பைன் வழியினர், வெள்ளையர் ஆகியோர் தோளோடு தோள் சேர்த்து அவரைச் சுமந்தனர். சிலை எழுவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அவருக்கு எழுந்த நினைவுச்சின்னம் அதுவே எனலாம்.

மோஸ்டார் நகரின் சிலை

இனி, நாம் முதலிற் குறித்த மோஸ்டாருக்குச் செல்வோம். பாஸ்னியா ஹெர்சகோவினா நாட்டில் நெரெட்வா ஆற்றின் இரு கரையிலும் அமைந்தது அந்நகரம். கத்தோலிக்கக் குரோவாத்தியர், இசுலாமியப் பாஸ்னியாக்கர், ஆர்த்தடாக்ஸ் செர்பியர் ஆகியோர் அங்கே கலந்து வாழ்ந்தனர். 1992 முதல் 1995 வரை நடந்த போரில் அண்டை வீட்டார் பகைவராயினர். மேற்குப் பகுதி குரோவாத்தியர்க்கும் கிழக்குப் பகுதி பாஸ்னியாக்கர்க்கும் என ஊர் பிளந்தது. 1566-ஆம் ஆண்டில் துருக்கியர் ஆட்சியிற் கட்டிய அழகிய கற்பாலம், 1993-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் பீரங்கிக் குண்டுகளால் ஆற்றில் இடிந்து வீழ்ந்தது. போர் நின்றபின் அதனைப் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி, 2004-ஆம் ஆண்டு ஜூலையில் திறந்தனர். கற்பாலத்தை மீட்டனர், மனப்பாலம் எளிதில் அமைந்திலது. அவரவர் தம்தம் தரப்பு வீரர்க்கே சின்னங்கள் எழுப்பிவந்தனர். ஒருவர்க்கு வீரர் மற்றவர்க்குக் கொடியர்.

அந்நிலையில் வெசெலின் கட்டலோ, நினோ ரஸ்புடிச் முதலிய எழுத்தாளர் அடங்கிய இளைஞர் இயக்கம் ஒன்று, எத்தரப்பினரும் தமக்கு மட்டும் உரியவர் என்று கொள்ள இயலாத ஒருவரைத் தேடியது. குழந்தைப் பருவத்தில் எல்லாத் தரப்புச் சிறுவரும் ஒரே திரையரங்குகளில் ஒருங்கே கண்டு மகிழ்ந்தவர் எவர் என்று எண்ணியபோது, புரூஸ் லீயின் முகம் தோன்றியது. வலியோரை எதிர்த்து எளியோர்க்காக நின்றவர் என்ற நினைவு அனைவர்க்கும் பொதுவாயிருந்தது. மார்தட்டும் நினைவுச் சின்னங்களை எள்ளும் குறும்பும் அம்முயற்சியிற் கலந்திருந்தது என்பதை அவர்களே மறைத்திலர்.

இவான் ஃபியோலிச் என்னும் சிற்பி ஆள் உயர வெண்கலச் சிலையை ஆக்கினார். ஜெர்மன் நாட்டுப் பொருளுதவியும் கிடைத்தது. 2005-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள், புரூஸ் லீயின் அறுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளில், நகரப் பூங்காவிற் சிலை திறக்கப்பட்டது. மறுநாளே ஹாங்காங் கடற்கரையில், காவோ சோங் என் என்னும் சிற்பி ஆக்கிய இரண்டரை மீட்டர் உயரச் சிலை திறக்கப்பட்டது. பிறந்த மண்ணாகக் கருதிய ஊரைவிட ஒருநாள் முந்திக்கொண்டது, அவர் பெயரை வெண்திரையில் மட்டும் அறிந்த ஊர்.

மோஸ்டார்ச் சிலையை நாட்டியோர் ஒரு நுட்பம் செய்தனர். போர்நிலையில் நிற்கும் வீரன் கிழக்கு நோக்கினால் பாஸ்னியாக்கரை எதிர்ப்பதாகவும், மேற்கு நோக்கினால் குரோவாத்தியரை எதிர்ப்பதாகவும் சொல்லெழும் என்று அஞ்சி, வடதிசை நோக்கி நிறுத்தினர். இவ்வளவு காத்தும் பயன் முழுமையாக இல்லை. திறந்த சில நாட்களுக்குள்ளேயே கயவர் சிலர் சிலையைச் சிதைத்தனர். பின்னர் அதனை எடுத்துச் சென்று பழுது நீக்கி, 2013-ஆம் ஆண்டில் மீண்டும் நிறுவினர். 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அச்சிலை பீடத்தினின்றும் களவாடப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கது

இதனைக் கேட்டு, அம்முயற்சி வீண் என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. சிலையைச் சிதைத்தவர், அவர் இன்ன குலத்தவர், இன்ன சமயத்தவர் என்று கூறிச் சிதைத்திலர். கலகம் எழவில்லை, குருதி சிந்தவில்லை, கூண்டும் வேண்டியதாயிற்றில்லை. பெரும்பகை கண்ட ஊருக்கு இது சிறிய பேறன்று. ஆயினும், வெண்கலம் ஒரு நகரின் பகையைத் தானே தீர்க்கும் என்று நம்புதல் பேதைமை என்பதையும் அதன் வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது. பூங்காவில் நின்ற சிலையாற் செய்ய இயலாததைப் பயிற்சிக்கூடத்தின் திறந்த கதவு முன்னரே செய்திருந்தது. குளோவரும் கிமுராவும் இனோசாந்தோவும் அக்கதவின்வழியே வந்தவர்.

நம் சென்னைக் கடற்கரையில், சிற்பி தேவிபிரசாத் ராய் சௌதுரி ஆக்கி 1959-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை உண்டு. பாறை பெயர்க்கும் நால்வருக்குப் பெயரில்லை, ஊரில்லை, குலமில்லை. துறைமுகத்திற் சுமை தூக்கியவனும், எண்ணூரில் இயந்திரம் இயக்கியவனும் அதனைத் தன் சிலையாகவே கொள்ளலாம். எனவே, அனைவர்க்கும் பொதுவான சின்னம் நம்மிடையே அரிதாயினும் இல்லாதது அன்று.

நம் மாணவர் புரூஸ் லீயின் உடற்கட்டையும் உதையின் விரைவையும் கண்டு வியக்கின்றனர், அது தவறன்று. அவற்றின் பின்னே நின்ற உழைப்பையும், தம் குறையைத் தாமே ஆராய்ந்த நேர்மையையும், நோய்ப்படுக்கையிலும் நூலைக் கைவிடாத ஊக்கத்தையும் காண்பாராக. எல்லாவற்றினும் மேலாக, குலம் கேட்டுத் தள்ளப்பட்ட ஒருவர், தம்மிடம் வந்த எவரையும் குலம் கேட்டுத் தள்ளாமல் ஏற்றதைக் காண்பாராக. இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ நாளை நம் மாணவர் ஒருவர் பயிற்சிக்கூடம் அமைப்பாராயின், சுவரில் அவர் படத்தை மாட்டுதல் எளிது. வாசலில் வந்து நிற்கும் சிறுவனை எத்தெரு, எக்குலம், எப்பரம்பரை என்று வினவாமல் உள்ளே அழைத்துக் கையுறை கொடுப்பதே, அவருக்கு நாம் எடுக்கத்தக்க சிலை.